கணக்கு ஒன்றாக நிற்க: டிபிடி கோர் பற்றி என் மதிப்பீடு

கோவையில் வெட் கிரைண்டரும் மிக்ஸியும் செய்து விற்கிற ஒரு கம்பெனியில் டேட்டா இன்ஜினியராக இருக்கிறேன். டேட்டா டீம் என்றால் நானும், ரிப்போர்ட் போடுகிற ஒரு தம்பியும்தான். கம்பெனி வேகமாக வளர்கிறது. முதலில் டீலர்கள் மட்டும் இருந்தார்கள், பிறகு சொந்த ஷோரூம்கள் வந்தன, அப்புறம் ஆன்லைன் விற்பனை, இப்போது கேரளாவிலும் கர்நாடகாவிலும் கிளைகள். ஒவ்வொன்று சேரும்போதும் கூடவே ஒரு புது சாஃப்ட்வேரும் உள்ளே வந்தது. டீலர் பில் டேலியில், ஷோரூம் பில் வேறொரு பில்லிங் சாஃப்ட்வேரில், சர்வீஸ் புகார் மொபைல் ஆப்பில், டார்கெட் எக்ஸெலில். இத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, காலையில் எம்.டி. பார்க்கிற திரையில் நம்பக்கூடிய எண்ணாக நிறுத்துவது என் வேலை. அதற்கு நான் தினமும் பயன்படுத்தும் கருவி டிபிடி கோர் (dbt Core). என்னைப் போல ஒன்றிரண்டு பேர் மட்டும் இருக்கிற டீமில் வேலை பார்ப்பவர்கள் இதை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பெயர் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: டேட்டாபேஸுக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்த விவரத்தை எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) கொண்டு ரிப்போர்ட்டுக்கு ஏற்ற டேபிள்களாக மாற்றித் தரும் கருவி இது. நாம் எழுதுவது செலக்ட் மட்டும்தான், அதாவது எந்த விவரம் வேண்டும் என்று கேட்கும் எஸ்.க்யூ.எல். வாக்கியம். ஒவ்வொரு செலக்டுக்கும் ஒரு ஃபைல், அந்த ஃபைலுக்குப் பெயர் மாடல். டேபிளை உண்டாக்குவது, பழையதை எடுத்துப் புதியதை வைப்பது, எது முன்னால் எது பின்னால் ஓட வேண்டும் என்று வரிசை போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு மாடலுக்குள் இன்னொன்றை ‘ரெஃப்’ போட்டு அழைத்தால், அந்த உறவை வைத்தே வரிசையைக் கண்டுகொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 2016-ல் தொடங்கிய ஃபிஷ்டவுன் அனலிட்டிக்ஸ் என்ற சின்ன கன்சல்டிங் கம்பெனியின் கையில் வளர்ந்தது. 2021-ல் அந்தக் கம்பெனியே டிபிடி லேப்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, அந்த ஆண்டு டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. கோர் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் கட்டும் கிளவுட் வடிவம் தனி. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் டேட்டா கூகுளின் கிளவுட் டேட்டாபேஸான பிக்குவெரியில், மும்பை ரீஜனில் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்கிற கம்பெனியில் டேட்டாவின் அளவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எங்கள் மொத்த பில் விவரமும் ஒரு நல்ல லேப்டாப்பில் அடங்கிவிடும். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறதே, ஆளைத் தின்பது அதுதான். ஒரு கணக்கை எப்படிப் போடுவது என்று கம்பெனி எடுத்த முடிவை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதி வைக்கவும், அந்த முடிவு எங்கே மீறப்படுகிறது என்று அன்றன்றைக்கே தெரிந்துகொள்ளவும் டிபிடி வழி செய்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எடுக்கலாம் என்பேன்.

‘போன மாசம் எத்தனை கிரைண்டர் போச்சு?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ் மேனேஜர் அண்ணா, “ஏனுங்க மேடம், ஃபேக்டரியில லாரி ஏறிப் போயிருச்சுன்னா அது வித்ததுதானுங்க” என்பார். அக்கவுன்ட்ஸ் சாரோ, “பில் போடாம எப்படிம்மா வித்ததுன்னு எழுதறது?” என்பார். ஆன்லைன் டீமுக்கு ஆர்டர் விழுந்த நாள்தான் கணக்கு. டீலர் திருப்பி அனுப்பிய பீஸை எந்த மாதத்தில் கழிப்பது, பில் போட்ட மாதத்திலா, கிரெடிட் நோட் போட்ட மாதத்திலா? வாரன்டியில் மாற்றிக் கொடுத்த பீஸ் சும்மா போகிறது, ஆனால் குடோனிலிருந்து போவது நிஜம். அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா? யார் சொல்வதும் தவறில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு அந்த எண் வேண்டும். ஆனால் எல்லோரும் அதை ‘விற்பனை’ என்றே சொல்லி மீட்டிங்கில் வைத்தால், மீட்டிங் முழுக்க எது சரி என்ற பேச்சிலேயே ஓடிவிடும்.

நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது: பில் தேதிதான் கணக்கு, ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகை, கிரெடிட் நோட் அது போடப்பட்ட மாதத்தில் கழியும், வாரன்டி பீஸ் தனி நெடுவரிசையில் நிற்கும். லாரி ஏறிய கணக்கும் வேண்டும், அதற்கு ‘டிஸ்பேட்ச்’ என்று வேறு பெயர். இந்த முடிவை எடுத்தது மனிதர்கள். டிபிடி அதில் எந்த உதவியும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆனால் முடிவு எடுத்த பிறகு அது ஒரே ஒரு மாடலில் எழுதப்பட்டது. அதன் பக்கத்திலேயே யாம்ல் என்ற எளிய எழுத்து ஃபைலில் விளக்கம். மாற்ற வேண்டுமென்றால், ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் யார் மாற்றினார்கள், என்றைக்கு, எதற்காக என்று பதிவாகும். ஷோரூம் ரிப்போர்ட், டீலர் ரிப்போர்ட், ஏரியா ரிப்போர்ட் எல்லாம் அந்த மாடலைத்தான் ரெஃப் செய்கின்றன. ஒருவர் எக்ஸெலில் தனியாக ஃபார்முலா போட்டு வேறு எண்ணோடு வந்தால், சண்டை போடாமல் இரண்டையும் அருகருகே வைத்து வித்தியாசம் எந்த வரியில் வருகிறது என்று காட்ட முடிகிறது.

ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகை ஏன் என்பதற்கு எங்கள் தொழிலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் வெட் கிரைண்டருக்கான வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. மிக்ஸிக்கு அதற்கு முன்பே 18. வரியோடு சேர்த்த தொகையை வைத்து மாத ஒப்பீடு போட்டால், அடிப்படை விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல், ஒரு பீஸ்கூட அதிகம் விற்காமல், கிரைண்டர் விற்பனை 12 சதவீதத்துக்கு மேல் கூடியதாகத் திரை காட்டும். ஷோரூம் பில்கள் வரியைச் சேர்த்த ஒரே தொகையாக வருகின்றன, அதிலிருந்து வரியைப் பிரிக்க அந்தத் தேதியில் என்ன விகிதம் என்று தெரிந்தாக வேண்டும். இங்கே டிபிடியின் ‘சீட்’ என்ற வசதி கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருள் வகை, விகிதம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று ஒரு சின்ன சி.எஸ்.வி. ஃபைலை மாடல்களோடு சேர்த்தே கிட்டில் வைத்துவிடலாம். அக்கவுன்ட்ஸ் சாரே திறந்து படித்துச் சரிபார்க்கிற மாதிரி இருக்கும். எஸ்.க்யூ.எல்.-க்குள் எங்கோ புதைந்த ‘கேஸ் வென்’ நிபந்தனையை அவரிடம் காட்டி என்ன பயன்?

இனி டெஸ்ட். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிபிடியில் டெஸ்ட் என்பதும் ஒரு செலக்ட்தான்: விதியை மீறிய வரிகளைத் தேடும். ஒரு வரியும் கிடைக்காவிட்டால் பாஸ், கிடைத்தால் ஃபெயில். இரட்டிப்பு இருக்கக் கூடாது, காலியாக இருக்கக் கூடாது, இந்தப் பட்டியலில் உள்ள மதிப்புதான் வரலாம், இந்த டேபிளில் உள்ள எண் அந்த டேபிளிலும் இருக்க வேண்டும் என்று நான்கு டெஸ்ட் கருவியோடு தயாராகவே வருகின்றன. ஆனால் உண்மையான பலன் நம் தொழிலுக்கென்று நாமே எழுதுவதில்தான் இருக்கிறது.

எங்கள் டீலர் பட்டியலைப் பாருங்கள். ஒரே கடை டேலியில் ‘ஸ்ரீ முருகன் ஏஜென்சி’, சர்வீஸ் ஆப்பில் ‘முருகன் ஏஜென்சீஸ்’, டார்கெட் எக்ஸெலில் ‘எஸ்.எம். ஏஜென்சீஸ் பொள்ளாச்சி’. பெயரை வைத்துச் சேர்க்கவே முடியாது. ஆனால் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். ஒரே முதலாளிக்குக் கோவையில் ஒரு கடையும் பாலக்காட்டில் ஒரு கடையும் இருந்தால் முன்னால் உள்ள இரண்டு இலக்கம் மாறும், பான் மாறாது. அதை வைத்தே டீலர் மாடலைக் கட்டினோம். அதன் மேல் டெஸ்ட்கள்: எண் பதினைந்து எழுத்து இருக்கிறதா, முதல் இரண்டு இலக்கம் டீலரின் மாநிலத்தோடு ஒத்துப்போகிறதா, கோவைக் கிளையிலிருந்து கேரள டீலருக்குப் போன பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி) விழுந்திருக்கிறதா, உள்ளூர் பில்லில் மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசின் எஸ்.ஜி.எஸ்.டி.யும் சரிபாதியாக நிற்கின்றனவா.

இந்தக் கடைசி இரண்டும் எங்கள் ரிப்போர்ட்டுக்காக எழுதியவை. ஆனால் அவற்றால் அதிகம் பலன் அடைந்தது அக்கவுன்ட்ஸ்தான். மாதம்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்ய அடுத்த மாதம் 11-ம் தேதி கடைசி. அதற்கு முன்பே சந்தேகமான பில்களின் பட்டியல் அவர்கள் மேசைக்குப் போய்விடுகிறது. ஃபெயிலான வரிகளைத் தனி டேபிளாகச் சேமித்து வைக்கும் வசதி டிபிடியிலேயே இருப்பதால் எனக்கு இதில் கூடுதல் வேலை இல்லை. முன்பெல்லாம் நான் போய் நின்றாலே “என்னம்மா, மறுபடி டேட்டா வேணுமா?” என்று கேட்ட சார், இப்போது காலையில் அவரே கூப்பிட்டு “டெஸ்ட்ல ஏதாச்சும் விழுந்துச்சா?” என்கிறார். ஒரு டேட்டா இன்ஜினியருக்கு இதைவிடப் பெரிய சம்பாத்தியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘டிபிடி பில்ட்’ என்ற ஒரே கட்டளையில் சீட், மாடல், ஸ்னாப்ஷாட், டெஸ்ட் எல்லாம் வரிசைப்படி ஓடும். நடுவில் ஒரு டெஸ்ட் ஃபெயிலானால் அதைச் சார்ந்த பின்னால் உள்ள மாடல்கள் ஓடாமல் நின்றுவிடும். அதாவது காலையில் திரையில் நேற்றைய சரியான எண் இருக்கும், இன்றைய தப்பான எண் ஏறாது. சின்ன விஷயங்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதும் என்றும் குறித்து வைக்கலாம். எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு எச்சரிக்கை போதும் என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்துவிடுங்கள். எல்லாவற்றையும் நிறுத்துகிற டெஸ்டாக வைத்தால் தினம் ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஸ்னாப்ஷாட் பற்றியும் சொல்ல வேண்டும். வளரும் கம்பெனியில் ஏரியா பிரிப்பது மாறிக்கொண்டே இருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து டீலர்களை ஒரு ஏரியா மேனேஜரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பார்கள். டீலர் மாஸ்டர் பட்டியலில் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் ஏறிவிடும். அதை அப்படியே பில்லோடு சேர்த்தால், பழையவர் அலைந்து பிடித்த விற்பனையெல்லாம் புதியவர் கணக்கில் போய் உட்காரும். இது இன்சென்டிவ் பணம், ஒருவர் வீட்டுச் செலவு. டிபிடி ஸ்னாப்ஷாட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் மாற்றத்தைப் பார்த்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை யார் என்று இரண்டு வரிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். பில் தேதி எந்த இடைவெளியில் விழுகிறதோ அந்த மேனேஜருக்கு அந்த விற்பனை. இதில் ஒரு எல்லை உண்டு. இரண்டு ஓட்டத்துக்கு நடுவே மாறி மறுபடி மாறியது அதன் கண்ணில் படாது. ஓடத் தொடங்குவதற்கு முந்தைய வரலாறும் கிடைக்காது. அதனால் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் ஸ்னாப்ஷாட்டை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இது டேட்டாவைக் கொண்டுவராது. டேலியிலிருந்து எடுப்பது, ஆப்பின் டேட்டாபேஸிலிருந்து இழுப்பது எல்லாம் நம் வேலை. டேலி ஓடுகிற கம்ப்யூட்டரில் வழக்கமாக 9000-ம் போர்ட்டில் எக்ஸ்.எம்.எல். கேள்வி அனுப்பிப் பதில் வாங்கலாம். அதற்கான பைத்தான் ஸ்கிரிப்ட் தனியாக எழுதினோம். நேரம் வைத்து ஓட்டும் வசதியும் கோரில் கிடையாது. லினக்ஸ் சர்வரில் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) போட்டாலே தொடக்கத்துக்குப் போதும், வேலைகள் பெருகிய பிறகு ஏர்ஃப்ளோ மாதிரி ஒன்றைத் தேடலாம். டிபிடி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மேலிடத்தில் சொல்லிவிடாதீர்கள். முழு வேலையில் இது நடுப்பகுதி மட்டும்.

இரண்டாவது, ‘இன்க்ரிமென்டல்’ மாடல். முழு டேபிளையும் தினம் புதிதாகக் கட்டாமல் புது வரிகளை மட்டும் சேர்க்கும் முறை. பிக்குவெரியின் வழக்கமான விலை முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் படித்த டேட்டா அளவுக்குத்தான் பணம், மாதம் முதல் 1 டெபிபைட் இலவசம். அதனால் மிச்சம் பிடிக்க எல்லோரும் இதைத்தான் நாடுவார்கள். ஆனால் நம் ஊர் கணக்குப்பதிவில் பின்தேதியிட்ட என்ட்ரி சகஜம். 28-ம் தேதி பில்லை 4-ம் தேதி உட்கார்ந்து போடுவார்கள், பழைய பில்லைத் திருத்துவார்கள். ‘நேற்றைக்குப் பிறகான பில் தேதி’ என்று வடிகட்டினால் அவை எதுவும் வராது. டேலி ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆல்ட்டர் ஐடி என்று ஒன்று வைத்திருக்கிறது, திருத்தும்போது அது ஏறும். கடைசியாகப் பார்த்த ஆல்ட்டர் ஐடிக்கு மேல் உள்ளதை எடுத்து, வவுச்சரின் தனி அடையாளத்தை வைத்துப் பழைய வரியை மாற்றுவதுதான் வழி. அப்படியும் அழித்துவிட்ட வவுச்சர் நம் பக்கம் தங்கிவிடும், டிபிடி தானாக அதை எடுக்காது. நாங்கள் மாதக் கணக்கு முடியும் வரை நடப்பு மாதத்தையும் முந்தைய மாதத்தையும் தினம் முழுதாகவே திரும்பக் கட்டுகிறோம். டேட்டா சின்னதாக இருக்கும்வரை இன்க்ரிமென்டல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகச் சந்தேகத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

மூன்றாவது, ஜின்ஜா. எஸ்.க்யூ.எல்.-க்குள் இரட்டை அடைப்புக்குறி போட்டு நிரல் எழுதும் வசதி. அளவோடு இருந்தால் அருமை. எங்களிடம் ஒரு மேக்ரோ (ஒரு முறை எழுதி எங்கும் அழைத்துப் பயன்படுத்தும் துண்டு நிரல்) இருக்கிறது: நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றித் தேதி எடுப்பது. பிக்குவெரி தானாக யு.டி.சி. தேதியைத்தான் தரும், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தின் தேதி. ஆன்லைனில் தள்ளுபடி விற்பனை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கினால், காலை 5.30 வரை விழுந்த ஆர்டர் எல்லாம் முந்தைய நாளில் போய்ச் சேரும். தீபாவளி விற்பனையின் முதல் நாள் மந்தம், அதற்கு முந்தைய நாள் அமோகம் என்று ரிப்போர்ட் சொல்லும். அந்த மாற்றத்தை ஒரே மேக்ரோவில் வைத்ததால் யாரும் மறக்க வழியில்லை. ஆனால் மேக்ரோவுக்குள் மேக்ரோ என்று அடுக்கிக்கொண்டே போனால், பிழை வரும்போது எந்த வரியில் என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். எஸ்.க்யூ.எல். மட்டும் தெரிந்த எங்கள் தம்பி முதல் மாதம் திணறியது இந்த இடத்தில்தான். மற்றதை எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

டாக்குமென்டேஷன் பக்கத்தைத் தானாக உண்டாக்கித் தருவதும், எந்த டேபிள் எதிலிருந்து வருகிறது என்று படமாகக் காட்டுவதும் நல்ல வசதிகள். பிசினஸ் ஆட்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பது அபூர்வம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கு மட்டும் அது பெரிய உதவி.

இன்னொரு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். 2025 மே மாதம் டிபிடி லேப்ஸ் ரஸ்ட் மொழியில் எழுதிய ஃபியூஷன் என்ற புது இன்ஜினை அறிமுகம் செய்தது. வேகம் அதிகம், ஓட்டுவதற்கு முன்பே எஸ்.க்யூ.எல். பிழையைக் காட்டும். ஆனால் அதன் உரிமம் அப்பாச்சி அல்ல, எலாஸ்டிக் உரிமம். சொந்த உபயோகத்துக்குத் தடை இல்லை, அதையே சேவையாக வெளியே விற்க முடியாது. 2025 அக்டோபரில், டேட்டாவை இடம் மாற்றிக் கொண்டுவந்து தரும் ஃபைவ்டிரான் கம்பெனியோடு இணையப் போவதாகவும் அறிவித்தார்கள். எங்கள் அளவுக்குக் கோரே தாராளமாகப் போதும். மாடல்கள் எல்லாம் சாதாரண எஸ்.க்யூ.எல். ஃபைல்களாக நம் கிட்டில்தான் இருக்கின்றன என்பதால் நாளைக்கு என்ன மாறினாலும் கையில் உள்ளது போய்விடாது. கருவியைத் தேர்ந்தெடுத்தபோது எனக்குத் தைரியம் கொடுத்ததும் அதுதான்.

யாருக்கு வேண்டாம்? ஒரே ஒரு சாஃப்ட்வேரில் எல்லாக் கணக்கும் இருக்கிற, நாலைந்து ரிப்போர்ட் மட்டும் பார்க்கிற இடத்துக்கு இது தேவையில்லாத சுமை. கிட் தெரியாத டீமாக இருந்தால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் டிபிடியில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

எடுப்பதென்று முடிவு செய்தவர்கள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் போகாதீர்கள். மீட்டிங்கில் அதிகம் சண்டை வருகிற ஒரே ஒரு எண்ணை எடுங்கள். அதற்கான விதியை அக்கவுன்ட்ஸும் சேல்ஸும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லட்டும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே விளக்கத்தை எழுதுங்கள். மாடல் தயாரான பிறகு ஒரு மாதக் கணக்கு முடியும் வரை பழைய எக்ஸெல் எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் வருகிற ஒவ்வொரு பில்லுக்கும் காரணம் எழுதி இரண்டு பேரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். அதன் பிறகு எக்ஸெலை நிறுத்திவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போகலாம்.